ஆள் இல்லாமல் ஓடிய மோட்டார்

ஷார்ஜா விமான நிலையத்தில் என்னை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தது என் மெக்கர்தான். கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, மேலே முள் ஆடும் கண்ணாடி, இரண்டு ஒயர். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலில் மின்கசிவு உண்டா என்று பார்க்கிற கருவி. காரைக்கால் வட்டாரத்தில் பம்புசெட் வைத்திருக்கும் எந்த விவசாயியும் தூரத்திலிருந்தே இதை அடையாளம் சொல்லிவிடுவார். சுங்க அதிகாரிக்கு மட்டும் அது வெடிகுண்டாகத் தெரிந்தது. கைப்பிடியைச் சுழற்றிக் காட்டினேன். முள் ஆடியதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்துவதற்குள் இரண்டு ஒயர் முனைகளையும் விரலால் பிடித்துவிட்டார். ஷாக் அடித்துத் துள்ளிக் குதித்தவரைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வழி கிடைத்தது.

சுற்றிப் பார்க்கிற விசாவில் வந்தேனே தவிர, நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. காரைக்காலில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். பதினைந்து வருடத்தில் நான் போன தூரதேசம் கும்பகோணம். பங்குனி கடைசியில் ஹமீது மரைக்காயரிடமிருந்து ஒரு கேசட் வராமல் இருந்திருந்தால் இப்போதும் அப்படியே இருந்திருப்பேன்.

மரைக்காயர் எங்கள் ஊர்க்காரர். ஷார்ஜாவில் காய்கறி மொத்த வியாபாரம். கடிதம் எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். கடையில் வைத்தே கேட்டேன்.

"மாணிக்கம், நல்லா இருக்கீங்களா? மண்ணு இல்லாம வெறும் தண்ணியிலயே கீரை வளக்குற கொட்டா ஒண்ணு போட்டிருக்கேன்ல, அது என்னையக் கொல்லுது. எல்லாம் தானா நடக்குற மெஷினு. மாட்டிட்டுப் போன ஹாலந்துக்காரன் ரெண்டு தடவ வந்து பாத்துட்டு, மெஷின்ல கொற இல்லேங்குறான். கீரை மட்டும் வாரா வாரம் செத்துக்கிட்டே இருக்கு. மோட்டாரு விசயத்துல உங்களவிட்டா எனக்கு யாரு இருக்கா? பதினஞ்சு நாளு வந்து பாத்துட்டுப் போங்க. அதுக்கப்புறமும் சரிப்படலேன்னா கொட்டாயப் பிரிச்சுப் போட்டுட்டு ஆளுங்கள ஊருக்கு அனுப்பிருவேன். உங்க மாப்பிள்ளையும் சேத்துத்தான். மனசுல வச்சுக்காதீங்க."

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது என் தங்கை செல்வியின் கணவர் கலியபெருமாளை. வரிச்சிக்குடிக்காரர். எட்டு மாதத்துக்கு முன்பு, 'மோட்டாரைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார்' என்று மரைக்காயரிடம் சிபாரிசு செய்து அனுப்பியவன் நான்தான். அதற்கு முன்பு அவர் அன்றாடக் கூலி. அவர் போன பிறகுதான் அந்த வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக ஒன்று வருகிறது என்ற நிலை வந்தது. பெரிய பெண் நின்றுபோன படிப்பை மறுபடி தொடங்கினாள். கேசட் ஓடும்போது செல்வி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அவரு திரும்பி வந்தா மறுபடி நாத்துப் பறிக்கத்தான் போவணும். பெரியவளையும் நிறுத்திடணும். நீ போயி அந்த மெஷின என்னான்னு கேளு."

கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்றேன். குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். அப்போது ஊரில் உள்ள மோட்டாரெல்லாம் என் கடை வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். கடையைப் பூட்டும்போது போர்டு கண்ணில் பட்டது. சிவப்பு எழுத்தில் நானே சொல்லி எழுதி வாங்கியது: 'ஆள் இல்லாமல் மோட்டாரை ஓட விடாதீர்கள்.' எங்கள் ஊரில் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வரும்போதும் அரை உயிரோடு வரும். மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவர் திரும்பி வந்தால் புகைதான் இருக்கும். ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் மாட்டிய போர்டு அது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷார்ஜா. என்னை அழைத்துப்போக வந்தவர் குல்கான் என்ற பட்டாணியர். ஆறரை அடி உயரம், மருதாணி போட்ட தாடி, சின்னப் பிக்கப் வண்டி. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே நின்றன. ஊர் முடிந்ததும் மணல் தொடங்கியது. ஒட்டகங்கள் சாலையில் நின்றன. நம் ஊர் மாடுகள் ஹாரன் அடித்தால் திரும்பியாவது பார்க்கும். இவை அதுகூடச் செய்யவில்லை.

தார்ச்சாலையிலிருந்து பிரிந்த மணல் தடத்தில் வண்டி புதைந்தது. நான் இறங்கித் தள்ளப் போனேன். குல்கான் கையை அசைத்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான்கு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். வண்டி எழுந்து நடந்தது. "டயர் அகலமானால் மணல் தாங்கும்," என்றார் இந்தியில். எங்கள் ஊரில் டயரில் காற்று போனால் பயணம் முடிந்தது என்று அர்த்தம். இங்கே அதற்குப் பிறகுதான் பயணமே.

கலியபெருமாள் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். கறுத்து மெலிந்திருந்தார். "வாங்க மச்சான்," என்று கையைப் பிடித்தவர் அப்புறம் விடவில்லை. செல்வி எப்படி இருக்கிறாள், பிள்ளைகள் எப்படி இருக்கின்றன என்றுகூடக் கேட்கவில்லை. "எல்லாம் நல்லாத்தான் மச்சான் பாத்துக்குறேன். எப்புடிச் சாவுதுன்னே தெரியல," என்றார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தவர் முகம்.

அங்கே ஆறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவர் கோயா, கோழிக்கோட்டுக்காரர். குபூஸ் என்று ஒரு ரொட்டி வந்தது. தட்டில் விழும்போது தலையணை மாதிரி உப்பியிருந்தது. பேசிக்கொண்டிருந்துவிட்டு எடுத்தால் செருப்புத் தோல். ஆனால் அயிலை மீன் குழம்பு பிரமாதம். கிளிஞ்சல்மேட்டில் படகிலிருந்து இறங்கும் மீனைத் தின்று வளர்ந்த வாய் என்னுடையது, லேசில் ஒத்துக்கொள்ளாது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் கொட்டகைக்குள் போனேன். இருநூறு அடி நீளத்துக்குப் பிளாஸ்டிக் கூரை. வெளியே உதடு வெடிக்கிற வெயில், உள்ளே மார்கழிக் காலை. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஈர அட்டை, எதிரே ஆளுயர விசிறிகள். விசிறி இழுக்கிற காற்று ஈரத்தில் புகுந்து குளிர்ந்து வருகிறது. நடுவே இடுப்பு உயரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் வாய்க்கால்கள். மூடிய வாய்க்காலின் மேல் துளைகளில் கீரை நிற்கிறது: மல்லி, புதினா, ஜர்ஜீர் என்ற காரக் கீரை, அப்புறம் லெட்யூஸ் என்று வெள்ளைக்காரர்கள் பச்சையாகவே தின்னும் ஒரு இலை. நம் முளைக்கீரையின் ருசியில் கால் பங்கு கிடையாது. அதற்குத்தான் ஹோட்டல்களில் இவ்வளவு கிராக்கி.

வாய்க்காலின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மண் இல்லை. தண்ணீரும் நகம் நனைகிற அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தை நக்கிக் குடித்தே வேர் பிழைக்க வேண்டும். வயலில் தண்ணீர் நின்றால்தான் நிம்மதி என்று பிறந்த காவிரிக்கரைக்காரனுக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது.

ஆனால் அந்த மெஷின்! ஒப்புக்கொள்ள மனசில்லாவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தொட்டியில் உரக் கரைசல் நீர்த்துப்போனால் அதுவே கண்டுபிடித்துச் சொட்டுச் சொட்டாக உரம் சேர்க்கிறது. மட்டம் குறைந்தால் மிதவை தண்ணீரைத் திறந்துவிடுகிறது. மோட்டார் பத்து நிமிடம் ஓடும், ஐந்து நிமிடம் நிற்கும், மறுபடி ஓடும். சுவிட்சுப் பெட்டிக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் விடுகிற கான்டாக்டர் 'டக்' என்று ஒட்டிக்கொள்கிற சத்தம் கேட்கும், தண்ணீர் கிளம்பிவிடும். பக்கத்தில் ஒரு காகிதச் சுருள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்க, பேனா முனை ஒன்று தண்ணீர் ஓட்டத்தை ரம்பப் பல் மாதிரி அதில் வரைந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஒரு செடியைப் பிடுங்கினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர், டிகாஷன் நிறத்தில் கொழகொழவென்று வந்தது.

அன்று சாயங்காலம் மரைக்காயர் வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, கையில் அழுகிய வேர். "கீரை எடுக்க வந்து ஹோட்டல்காரன் ரெண்டு தடவ ஏமாந்துட்டான் மாணிக்கம். கடைசியா அடுத்த வாரம் சனிக்கெழம வர்றேன்னிருக்கான். எலையப் பாக்க மாட்டானாம், வேரத் தூக்கிப் பாப்பானாம். வெள்ளையா இருந்தா வருசம் பூரா நம்ம கீரைதான். இல்லேன்னா மறுநாளே பிரிச்சிருவேன்." குரலைத் தாழ்த்தவில்லை, கலியபெருமாள் பக்கத்தில்தான் நின்றார். "இதுல எவன் கையாவது இருந்துச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த பிளேன்ல ஏத்தி விட்டுருவேன். அல்லா மேல ஆணை."

செவ்வாய்க்கிழமை முழுவதும் மோட்டாரோடு கழிந்தது. மெக்கர் வைத்துப் பார்த்தேன், காயில் சுத்தம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தையும் ஐந்து நிமிடத்தையும் எண்ணினேன். மெஷின் சரி, என் கடிகாரம்தான் பிசகியது. மிதவையைக் கழற்றினேன், ஒயரை ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"மாப்ள, எப்பவாவது மோட்டாரு தானா நின்னு போச்சா? நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"ஒரு நாளும் இல்ல மச்சான். இங்க கரண்டு போறதே இல்ல. நான்தான் கூடவே இருக்கேனே."

புதன்கிழமை, எதற்கும் இருக்கட்டும் என்று புதுக் கான்டாக்டர் வாங்க நகரத்துக்குக் கிளம்பினேன். குல்கான் கீரை கொண்டு போயிருந்ததால், தார்ச்சாலை வரை நடந்து பங்கு டாக்சி பிடித்தேன். ஐந்து பேர் ஏற வேண்டிய வண்டியில் ஏழு பேர். அதில் மட்டும் நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் வித்தியாசமே இல்லை. என் மடியில் பாதி உட்கார்ந்திருந்தவர் துனிசியாக்காரர். இந்தியாவில் பம்பாயா என்று கேட்டார். காரைக்கால் என்றேன். புரியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்றதும் முகம் மலர்ந்து பிரெஞ்சில் கொட்டத் தொடங்கிவிட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் நானும் எடுத்துவிட்டேன்: வரி கட்டுகிற கொம்யூன், மேரி, பத்திரம் எழுதுகிற நொத்தேர். அவர் மற்றவர்களிடம் அரபியில் ஏதோ சொல்ல, வண்டியே சிரித்தது. "வரி கட்டவும் பத்திரம் எழுதவும் தெரிந்த ஆள், சாப்பாடு கேட்கத் தெரியாது" என்றாராம். இறங்கும்போது எனக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தார்.

புதுக் கான்டாக்டரை மாட்டினேன். கீரைக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணமானது அல்ல. கும்பகோணத்து முதலாளிகள் கைவிட்ட மோட்டாரையெல்லாம் ஓட வைத்தவன் நான். ஒரு கீரைப்பாத்தி என்னை நிற்க வைத்து வேடிக்கை பார்க்கிறது. செல்வியிடம் வெறுங்கையோடு போய் நிற்க மாட்டேன் என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை கோயாவின் சமையலறையில் சுலைமானி குடித்துக்கொண்டிருந்தேன். பால் இல்லாத தேநீர். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நாலு நாளில் பழகிவிட்டது. மிளகாய்த்தூள் டப்பாக்கள் வைத்திருந்த அலமாரியைப் பார்த்தபடி இருந்தேன். தட்டுகளில் காகிதம் விரித்திருந்தார். கட்டம் போட்ட காகிதம். அதில் ரம்பப் பல்.

டப்பாக்களையெல்லாம் தூக்கிக் கீழே வைத்ததில் கோயாவுக்கு மகா கோபம். முடிந்துபோன சுருள்களைக் கொட்டகையில் யாரும் தேடுவதில்லை, நல்ல தடித்த காகிதம், அதனால் எடுத்துக்கொண்டேன் என்று மலையாளத்தில் படபடவென்று நியாயம் சொன்னார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மசாலா வாசனை அடிக்கும் ஆறு வாரத்து ரம்பப் பல்லைத் தரையில் விரித்து, மண்டியிட்டு ஊர்ந்தபடியே படித்தேன். பல் பல்லாக ஓடிக்கொண்டே வந்த கோடு ஓரிடத்தில் தட்டையாகப் படுத்துவிடுகிறது. மூன்று மணி நேரத்துக்குத் தண்ணீரே இல்லை. அப்புறம் மறுபடி பல். ஏழு நாள் தாண்டினால் இன்னொரு தட்டை. சுருளின் தொடக்கத்தில் ஹாலந்துக்காரர் பென்சிலால் தேதி குறித்திருந்தார். விரல் விட்டு எண்ணினேன். எல்லாத் தட்டையும் வெள்ளிக்கிழமை உச்சிவேளை. அவர் இரண்டு தடவையும் புதன்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளுக்காகக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு எல்லோரும் குளித்துச் சலவைச் சட்டை போட்டுப் பிக்கப்பில் ஏறினார்கள். ஜும்மாவுக்கு நகரத்துப் பள்ளிவாசல். கலியபெருமாள் தொழப் போகிறவர் அல்ல. ஆனால் வாரம் ஒரு முறை ஊருக்குக் கடிதம் போடவும், நாலு தமிழ் முகத்தைப் பார்க்கவும் அவருக்கும் அந்த ஒரு பயணம்தான். கொட்டகைச் சாவி அவரிடம். நானும் கூடவே போனேன். கதவுக்குப் பக்கத்தில் சுவிட்சுப் பெட்டி. பேசிக்கொண்டே, செருப்பைக் கழற்றி விடுகிற மாதிரி, கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் நின்றது. கதவைச் சாத்தினார்.

"ஏன் மாப்ள நிறுத்துனீங்க?"

"எத?"

"மோட்டார."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மச்சான் கேக்குறீங்க? ஆள் இல்லாம மோட்டார ஓட விடலாமா? நீங்கதானே கடையில போர்டே எழுதிப் போட்டுருக்கீங்க."

"விசிறிய நிறுத்தலியே?"

"விசிறிக்கு என்ன? தண்ணி இல்லாம ஓடுனா பம்புதானே கருவும்."

மோட்டார் எப்போதாவது நின்றதா என்று நான் கேட்டதற்கு அவர் பொய் சொல்லவில்லை. பூட்டும்போது மோட்டாரை நிறுத்துவது எங்கள் பக்கத்தில் ஒரு காரியமே அல்ல. அடுப்பை அணைத்தாயா என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படி. சேற்றில் நிற்கிற நெல்லுக்கு மூன்று மணி நேரம் தண்ணீர் வராவிட்டால் தெரியக்கூடத் தெரியாது. இங்கே நகம் நனைகிற ஓட்டம் நின்றால், மண் ஈரம்கூட இல்லாத வேரின் நுனியெல்லாம் காய்ந்து கருகி, அப்புறம் தண்ணீர் வந்ததும் அழுகத் தொடங்கும். வாரா வாரம் கீரையைக் கொன்றது அவர் விரல். அந்த விரலை அமுக்க வைத்தது என் வாய்.

பச்சைப் பொத்தானை அமுக்கினேன். "நீங்க போயிட்டு வாங்க மாப்ள, நான் இருக்கேன்," என்று சொல்லிக் கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டேன். மரைக்காயரின் ஆணை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கான்டாக்டர் பழுது என்று ஒரு பொய் சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. புதிதாக மாட்டியும் இருக்கிறேன். சொல்லிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். ஆனால் பதினைந்து வருடமாக, எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து 'தானா கருகிடுச்சுங்க' என்று பொய் சொன்ன அத்தனை பேரையும் திட்டியவன் நான்.

சாயங்காலம் மரைக்காயர் வந்ததும், மசாலா சுருளை விரித்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "ஆளு பேரு கேக்குறதா இருந்தா என் பேர எழுதிக்குங்க. மாப்பிள்ள நான் சொன்னதத்தான் செஞ்சாரு."

கலியபெருமாள் காகிதம் சுருண்டுவிடாமல் ஓரத்தைப் பிடித்து நின்றார். மரைக்காயர் சுருளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "அந்தப் போர்ட நானும் படிச்சிருக்கேன். ஊர்ல எங்க வூட்டு மோட்டார எவனாவது போட்டுட்டு வெளில போனா நானும் தோல உரிச்சிருவேன்."

"அப்ப இனிமே வெள்ளிக்கெழம நான் இங்கயே இருந்துக்குறேன் மொதலாளி," என்றார் கலியபெருமாள்.

"ஆள ஒக்கார வைக்கணும்னா எனக்கு மெஷின் எதுக்கு? வாரத்துல ஒரு நாளு மனுசன் மனுசனப் பாக்கணும். அந்த நாளையும் உங்கள உள்ள போட்டுப் பூட்டுன பாவம் எனக்கு வேணாம்." என் பக்கம் திரும்பினார். "வர்ற வெள்ளிக்கெழம கொட்டாயப் பூட்டுங்க. மோட்டாரு ஓடட்டும். ஒருத்தன் இருக்கக் கூடாது, நீங்களும்தான். மறுநாள் வேரு வெள்ளையா இருந்தா உங்க மாப்பிள்ள இங்கதான். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் ஒரே பிளேன்."

அந்த வாரம் நாங்கள் மாடாக உழைத்தோம். கெட்ட செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்து, வாய்க்கால்களைக் கழுவி, நாற்றுத்தட்டிலிருந்து புதுச் செடிகளை வைத்தோம். மூன்றாம் நாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பால் வெள்ளையில் புது வேர் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. கலியபெருமாள் அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் துளையில் வைத்த விதத்தைச் செல்வி பார்த்திருக்க வேண்டும்.

மறு வெள்ளி வந்தது. பூட்டும்போது அவர் கை பழக்கத்தில் பெட்டிப் பக்கம் போயிற்று. பாதி வழியில் நிறுத்தி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நானே பூட்டினேன். உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டி நடந்து வண்டியில் ஏறியதுபோல் கஷ்டமான காரியம் நான் வேறு செய்ததில்லை.

பள்ளிவாசல் எதிரே ஒரு வேப்பமரம். இங்கேயும் வேம்பு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அதன் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கலியபெருமாள் கடிதத்தைத் தபாலில் போடவும் மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"மச்சான், மிதவ மாட்டிக்கிட்டா?"

"மாட்டாது."

"ஒரு டாக்சி புடிச்சு, சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துருவோமா?"

கூடாது என்றேன். அவருக்குத் தைரியம் சொன்னேனே ஒழிய, என் மூக்கில் எரிந்த காயில் வாசனை வந்துகொண்டே இருந்தது. பதினைந்து வருடத்தில் நான் பிரித்த கருகிய மோட்டார்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. ஒரு கட்டத்தில் டாக்சியைக் கைதட்டிக் கூப்பிட்டது நான்தான். டாக்சி நின்றேவிட்டது. கலியபெருமாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். இனி என்னை நானே நம்புவதற்கில்லை என்று, தொழக் கிளம்பிய குல்கானிடம் ஓடிப்போய்ச் சாவியைக் கொடுத்தேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது பார்த்துத்தானா வண்டி புதைய வேண்டும்? மணல் தடத்தில், போன தடவையைவிட மோசமாக. காற்றை இறக்கியும் எழவில்லை. குல்கான் பலகையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். கலியபெருமாள் என்னைத் தாண்டி ஓடினார். நாலு மணி நேரம் ஆகிவிட்டது, அவர்கள் சாதாரணமாக வருகிற நேரத்தைவிட ஒரு மணி நேரம் அதிகம். செருப்புக்குள் மணல் சுட்டது.

கொட்டகை வாசலில் போய் நின்றோம். உள்ளே மோட்டார் சத்தம் இல்லை.

விசிறிகள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. கலியபெருமாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு மச்சான்," என்றார். நான் சாவியைத் துவாரத்தில் விட்டேன்.

டக்.

சுவிட்சுப் பெட்டி. ஒரு கணம் கழித்து மோட்டார் எழுந்தது, வாய்க்கால்களில் தண்ணீர் நடந்து வருகிற சத்தம் கேட்டது. நாங்கள் வந்து நின்றது அந்த ஐந்து நிமிட ஓய்வில். இத்தனை நாளாக எண்ணிய ஐந்து நிமிடத்தை, வேண்டிய நேரத்தில் இரண்டு பேருமே மறந்திருந்தோம். கதவைத் திறந்தேன். கீரை எல்லாம் தலை நிமிர்ந்து நின்றது. கலியபெருமாள் அழுதார். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்.

சனிக்கிழமை ஹோட்டல்காரர் வந்து, நடு வாய்க்காலில் அவராகவே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வேர் நீளமாகத் தொங்கித் தண்ணீர் சொட்டியது. அவர் ஒரு இலையைக் கிள்ளித் தின்றபடி மரைக்காயரோடு விலை பேசப் போய்விட்டார். மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பினேன். மெக்கரைப் பார்த்ததும் அதே சுங்க அதிகாரி இரண்டு கையையும் உயர்த்தி வழிவிட்டார்.

போர்டை நான் கழற்றவில்லை. எங்கள் ஊர் மின்சாரம் இன்னும் அதே மின்சாரம்தான். ஆனால் கலியபெருமாள் கதையைச் சொல்லாமல் இப்போது யாருக்கும் அந்தப் புத்திமதியைச் சொல்வதில்லை.

குறுவை வேலை மும்முரமாக இருந்த ஒரு நாள், செல்வி ஒரு கேசட்டோடு வந்தாள். வீட்டில் டேப் இல்லாததால் என் கடையில்தான் கேட்பாள். பிள்ளைகளை விசாரித்து, பெரியவள் மார்க்கை விசாரித்து, கடைசியில் அவர் குரல் சொன்னது: "மச்சானும் கேக்கட்டும். இன்னைக்கு வெள்ளிக்கெழம. கொட்டாயப் பூட்டிட்டு வெளில நிக்கிறேன். எல்லாரும் வண்டில ஏறிட்டாங்க. கேளுங்க." அப்புறம் வெறும் காற்று. நீண்ட நேரம் காற்று. பிறகு, தூரத்தில் ஒரு 'டக்'. மோட்டார்.

"என்னாண்ணே அது? ஒண்ணும் பேசக் காணுமே?" என்றாள் செல்வி.

"அதுவா? உன் வூட்டுக்காரரு கையக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கிற சத்தம். அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம்."

அவள் சிரிக்கவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டாள்.